நுழைவு மறுப்பு: குற்றம் யாருடையது?

ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்துத் தரவுத்தளம் ஒன்றினுள் நுழைய முயல்கிறார். "நுழைவு மறுக்கப்பட்டது" என்னும் விடை வருகிறது. முதலில் அவர் தம்மையே சந்தேகிக்கிறார். எழுத்துக்களை ஒவ்வொன்றாக மீண்டும் அடித்துப் பார்க்கிறார். மூன்றாம் முறையும் அதே விடை வரவே, நிர்வாகியிடம் முறையிடுகிறார். நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றித் தருகிறார். புதிய சொல் ஒரு முறை ஏற்கப்படுகிறது, மறுமுறை மறுக்கப்படுகிறது. இத்தனைக்கும் அவர் முதலில் கொடுத்த சொல்லே சரியானதாக இருந்திருக்கலாம்; அதனைச் சரியென்று கூறவேண்டிய சாட்சி அவ்வேளையில் கிடைக்காது போயிருக்கலாம்.

ஒரே கணிப்பொறியில் அன்றிப் பல கணிப்பொறிகளில் பரவியுள்ள தரவுத்தளங்களை நம்பி இன்று எத்தனையோ சேவைகள் நடைபெறுகின்றன. அத்தகைய தளங்களில், "நீர் அவர் அல்லர்" என்பதும், "நீர் அவர்தாமா என்று இப்பொழுது சொல்ல இயலவில்லை" என்பதும் முற்றிலும் வெவ்வேறான செய்திகள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் பழக்கம் பழுதுபார்ப்பவரைத் தவறான வழியில் செலுத்துகிறது, பயனாளியைக் குற்றவாளியாக்குகிறது, சில வேளைகளில் தரவையே அயலார் கையில் ஒப்படைத்து விடுகிறது. இப்பழக்கம் கைவிடப்படல் வேண்டும்.

ஒரு கோப்பும் பல படிகளும்

கடவுச்சொல்லைக் கொண்டு ஆளை அறியும் முறை கணிப்பொறி உலகிற்குப் புதியதன்று. 1961-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோவும் அவர் குழுவினரும் நேரப் பகிர்வு முறையைச் செய்து காட்டினர். ஒரே யந்திரத்தைப் பலர் பயன்படுத்திய அம்முறையில், ஒருவருடைய கோப்பில் மற்றவர் கை படாதிருக்கும் பொருட்டுக் கடவுச்சொல் கையாளப்பட்டது. அங்கே யந்திரமும் ஒன்று; கடவுச்சொற்கள் எழுதப்பட்ட கோப்பும் ஒன்று. யந்திரம் இயங்கினால் கோப்பும் கிடைக்கும்; யந்திரம் நின்றால் வினாவைக் கேட்பதற்கே ஆள் இல்லை. ஆகவே விடைகள் இரண்டே இருந்தன: சரி, அல்லது தவறு.

பரவல் தரவுத்தளத்தின் நிலை வேறு. ஒரு பேரேட்டின் படிகள் ஐந்து அலுவலகங்களில் வைக்கப்பட்டுள்ளன என்று கொள்ளலாம். ஓர் அலுவலகம் தீக்கிரையானாலும் கணக்கு அழியாது. அவரவர் அருகிலுள்ள அலுவலகத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளலாம். இவை நன்மைகள். ஆயினும், ஓர் அலுவலகத்தில் நேற்றுப் பதிந்த பெயர் மற்றொன்றிற்கு இன்னும் எட்டாதிருக்கக் கூடும். இரண்டு அலுவலகங்களுக்கு இடையேயுள்ள பாதை அறுபட்டிருக்கவும் கூடும். அப்பொழுது வந்தவர் யார் என்று கேட்டால், "தெரியும்", "இப்பெயர் ஏட்டில் இல்லை", "ஏடு இப்பொழுது கைக்கு எட்டவில்லை" என மூவகை விடை பிறக்கும். மூன்றாவது விடையை இரண்டாவது விடைபோல் கூறிவிடுவதே பெரும்பாலான குழப்பத்திற்கு மூலகாரணம்.

எரிக் புரூவர் 2000-ஆம் ஆண்டில் ஊகமாக முன்வைத்து, ஸெத் கில்பர்ட், நான்ஸி லிஞ்ச் ஆகிய இருவரும் 2002-ல் நிறுவிய தேற்றம் இங்கு நினைவுகூரத் தக்கது. பாதை அறுபட்ட வேளையில் பரவல் அமைப்பு ஒன்று, கேட்டவர்க்கெல்லாம் தவறாது விடையளிப்பதையும், எல்லா இடங்களிலும் முரணற்ற விடையளிப்பதையும் ஒருங்கே காத்தல் இயலாது என்பதே அதன் சாரம். அடையாளம் பற்றிய வினாவில் இவ்விதியின் கடுமை மிகுதி. தவறான விடையளித்தால் அயலார் உள்ளே புகுவர். விடையளிக்க மறுத்தால் உரியவர் வெளியே நிற்பர்.

கஸாண்ட்ரா தரும் படிப்பினை

கஸாண்ட்ரா என்னும் தரவுத்தளம் இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு. பேஸ்புக் நிறுவனத்தில் உருவாகி, 2008-ல் யாவரும் பயன்படுத்துமாறு வெளியிடப்பட்டு, பின்னர் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் அது வளர்ந்தது. அதில் எல்லாக் கணுக்களும் சமமானவை. தலைமைக் கணு என்று ஒன்று இல்லை. பயனர் பெயர்களும், கடவுச்சொற்களின் மறைவடிவங்களும், உரிமைகளும் மற்றத் தரவுகளைப் போலவே கணுக்களிடையே பிரித்து வைக்கப்படுகின்றன. இவற்றிற்கென 'ஸிஸ்டம் ஆத்' என்னும் தனிப் பகுதி உண்டு.

நிர்வாகி வேறு கட்டளை இடாவிடில் இப்பகுதி ஒரே படியாகவே வைக்கப்படுகிறது. தரவுக்கு மூன்று படிகள் வைத்துவிட்டு, அத்தரவைத் திறக்கும் சாவிக்கு ஒரே படி வைக்கும் விபரீதம் இதனால் நேர்கிறது. மூன்று கணுக்களுள் ஒன்று நின்றுவிட்டால், தரவு முழுவதும் மற்ற இரண்டில் நலமாக இருக்கும். ஆனால் எவருடைய பெயர் நின்றுபோன கணுவில் இருந்ததோ அவர் மட்டும் நுழைய இயலாது. பக்கத்து மேஜையில் இருப்பவர் தடையின்றி வேலை செய்வார். காண்பவர் எவரும் முன்னவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டார் என்றே எண்ணுவர்.

தலைமைப் பயனரின் நிலை இன்னும் நுட்பமானது. கடவுச்சொல் கேட்குமாறு இத்தளத்தை முதன்முதலில் அமைக்கும்பொழுது, 'கஸாண்ட்ரா' என்னும் பெயரும் அதே கடவுச்சொல்லும் கொண்ட தலைமைப் பயனர் ஒருவர் தாமாகவே உண்டாக்கப்படுகிறார். நெடுங்காலம் வழங்கிவந்த பதிப்புகளில் மற்றப் பயனரை அறிவதற்கு ஒரு படியின் சாட்சி போதும். இத்தலைமைப் பயனருக்கோ படிகளுள் பெரும்பான்மையின் சாட்சி வேண்டும். மூன்று படிகள் எனில் இரண்டும், ஐந்து படிகள் எனில் மூன்றும் விடையளித்தல் வேண்டும். இரண்டே படிகள் இருப்பின், பெரும்பான்மையும் இரண்டே. எனவே அவற்றுள் ஒன்று நின்றாலும் தலைமைப் பயனர் வெளியே நிற்க வேண்டியதுதான். பழுதுபார்க்க வருபவர்க்கே முதலில் வழி அடைபடுகிறது! அப்பெயரை அன்றாட வேலைக்குப் பயன்படுத்தலாகாது, தனிப் பெயருடைய நிர்வாகிகளை முன்னதாகவே ஏற்படுத்திக்கொள்ளல் வேண்டும் என்பதே இவ்விதியின் குறிப்பு.

நிலைமையை உணர்ந்த நிர்வாகி ஒருவர் படிகளின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து மூன்றாக உயர்த்துகிறார். ஆனால் எண்ணிக்கையை மாற்றுவது வேறு. ஏட்டைப் படியெடுப்பது வேறு. படிகளை ஒப்பிட்டுச் சரிசெய்யும் 'ரிப்பேர்' என்னும் பணியை நடத்தினாலன்றி, புதிய இடங்களில் ஏடு வெறுமையாகவே இருக்கும். வெற்றேட்டைப் புரட்டிய கணு, "இப்பெயருடையார் எவரும் இலர்" என்று உறுதியாகக் கூறும். ஏற்பும் மறுப்பும் மாறி மாறி வருமாயின் முதலில் ஆராயத்தக்க காரணம் இதுவே. மருந்து கொடுத்தவர் பத்தியம் சொல்ல மறந்த கதை இது.

மற்றொரு காரணமும் உண்டு. கடவுச்சொற்களின் மறைவடிவம் 'பிகிரிப்ட்' என்னும் முறையால் கணிக்கப்படுகிறது. திருடர் கோடிக்கணக்கான சொற்களை விரைந்து சோதித்துப் பார்க்க முடியாதபடி, வேண்டுமென்றே மெதுவாகக் கணிக்குமாறு அமைந்த முறை அது. கணுக்கள் நின்று மீண்டும் எழும்பொழுது எல்லாச் செயலிகளும் ஒருங்கே நுழைய முயன்றால், இக்கணிப்பிலேயே கணு திணறிப் போகும். காலங்கடந்து விடை வராத நிலை, மறுப்பைப் போலவே தோற்றமளிக்கும். இங்கும் கடவுச்சொல்லை மாற்றிப் பயனில்லை. செயலிகள் சற்று இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக முயலுமாறு செய்வதே தக்க வழி.

கடிகாரமும் சான்றிதழும்

ஆளை அறியும் வேலையில் காலத்திற்குப் பெரும் பங்கு உண்டு. கெர்பரோஸ் என்னும் அடையாள முறையில், இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபடுமாயின் நுழைவு மறுக்கப்படுவது இயல்பான ஏற்பாடு. பழைய அனுமதிச் சீட்டைத் திருடி மீண்டும் காட்டுவதைத் தடுக்கவே இவ்வரம்பு விதிக்கப்பட்டது. கஸாண்ட்ராவிலோ, ஒரே செய்திக்கு இரு பதிவுகள் இருப்பின் பிந்திய நேரக் குறிப்புடையதே வெல்லும். கடிகாரம் பின்தங்கிய கணுவின் வழியாக ஒருவர் கடவுச்சொல்லை மாற்றினால், அம்மாற்றம் பழைய பதிவினும் முந்தியதாகக் கருதப்பட்டு மறைந்து போகலாம். மாற்றிய பின்னரும் பழைய சொல்லே செல்லும் விந்தை இவ்வாறு நேர்வது.

இந்தியாவின் திட்ட நேரத்தைப் பேணும் பொறுப்பு புது டில்லியிலுள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தினுடையது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணிப்பொறி அவசர நடவடிக்கைக் குழு பிறப்பித்த ஆணையில், இவ்வாய்வுக்கூடத்தின் நேரத்தையோ தேசியத் தகவலியல் மையத்தின் நேரத்தையோ, அவற்றோடு ஒத்த நேரமூலத்தையோ பின்பற்றிக் கடிகாரங்களை அமைத்துக்கொள்ளுமாறு நிறுவனங்களுக்குக் கூறப்பட்டது. குற்ற விசாரணைக்கு மட்டுமன்றி, அன்றாட நுழைவிற்கும் இவ்வாணை பயன்படுவதை நிர்வாகிகள் உணர்தல் நன்று.

சான்றிதழ்களும் காலத்திற்கு உட்பட்டவை. 2021 செப்டம்பர் 30 அன்று, இணையத்தில் பெரிதும் நம்பப்பட்ட மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதிய மூலத்தை அறியாத பழைய கருவிகள் பல, அன்றுவரை இணைந்த இடங்களோடு இணைய மறுத்தன. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும் கட்டத்தையே அவை எட்டவில்லை. காலாவதி நாள் சான்றிதழிலேயே எழுதப்பட்டிருக்கும்பொழுது அதனை எதிர்பாராத விபத்து என்று கூறுவது பொருந்தாது.

நாற்பத்தேழு நிமிடங்கள்

பெரிய நிறுவனங்களுக்கு இத்தகைய இடர் நேராது என்று எண்ணுவதற்கில்லை. 2020 டிசம்பர் 14 அன்று, இந்திய நேரம் மாலை 5-16 மணியளவில் தொடங்கி 47 நிமிடங்கள், கூகிள் கணக்குகளில் நுழைவு உலகெங்கும் தடைப்பட்டது. அந்நிறுவனம் பின்னர் வெளியிட்ட அறிக்கையில் காரணம் விளக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு கணக்கிற்கும் உரிய அடையாளத்தைக் காக்கும் சேவை, தன் ஏட்டைப் பரவல் தரவுத்தளம் ஒன்றில் வைத்திருந்தது. அத்தளம் பாக்ஸாஸ் என்னும் விதிப்படி இயங்குவது. பெரும்பான்மைக் கணுக்கள் இசைந்தாலன்றி எப்பதிவும் செல்லாது என்பது அவ்விதி. அவ்வாண்டு அக்டோபரில் இச்சேவை புதிய ஒதுக்கீட்டு முறையில் சேர்க்கப்பட்டபொழுது, பழைய முறையின் சில பகுதிகள் நீக்கப்படாமல் நின்றன. அவை சேவையின் பயன்பாடு சுழி என்று தவறாகக் கணக்குக் கொடுத்தன. தவணைக் காலம் கழிந்ததும் தானியங்கி அமைப்பு அதனை நம்பி ஒதுக்கீட்டைக் குறைத்தது. தலைமைக் கணுவால் எழுத இயலாது போயிற்று; ஏடு பழமையடைந்தது. பழைய ஏட்டை நம்பி எவரையும் உள்ளே விடலாகாது என்பது பாதுகாப்பு விதியாதலின், சேவை நுழைவை மறுத்தது.

அன்று மறுக்கப்பட்டோர் கடவுச்சொல்லில் குற்றம் இல்லை. காவல் விதியிலும் குற்றம் இல்லை. குற்றம், வெகு தொலைவில் ஒதுக்கீட்டைக் கணக்கிட்ட வேறோர் அமைப்பில் இருந்தது. நுழைவுப் பிழையின் வேர் நுழைவாயிலிலேயே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றபொழுது வெளிப்பட்ட உண்மையும் இதனோடு சேர்த்து எண்ணத் தக்கது. அன்று தடைப்பட்டது வலையமைப்பு. பழுது நீக்க வேண்டிய உட்கருவிகள் பலவும் அதே அமைப்பையே நம்பியிருந்தமையால் அவையும் உடன் செயலற்றன. கிணற்றில் விழுந்தவரைத் தூக்கும் கயிறும் கிணற்றினுள்ளேயே கிடந்தது.

கதவைப் பெயர்த்தெடுக்கும் சிகிச்சை

மறுப்பின் காரணம் விளங்காதபொழுது, "இப்போதைக்குக் கடவுச்சொல்லே வேண்டாம், வேலை நடக்கட்டும்" என்று சரிபார்ப்பை நிறுத்திவிடும் வழக்கம் ஒன்று உண்டு. ஒரு சொல்லை மாற்றினால் போதும். யார் வந்தாலும் வழி திறக்கும். கஸாண்ட்ரா நிறுவப்பட்ட நிலையிலேயே எவரையும் கடவுச்சொல் கேளாமல் ஏற்குமாறு அமைந்துள்ளது என்பதும் மறக்கத்தக்கதன்று. "இப்போதைக்கு" என்பது எத்தனை நாள் என்று எவரும் குறித்து வைப்பதில்லை.

இதன் விளைவை 2017 ஜனவரியில் உலகம் கண்டது. கடவுச்சொல் இன்றி இணையத்தை நோக்கித் திறந்துகிடந்த மாங்கோ டிபி தளங்களை ஆயிரக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்த கொள்ளையர், தரவை அழித்துவிட்டு, மீட்புப் பணம் கேட்கும் குறிப்பை அவ்விடத்தில் எழுதிச் சென்றனர். பணம் கொடுத்தும் தரவைப் பெறாதோர் இருந்தனர். 2020 ஜூலையில் மீண்டும் ஆயிரக்கணக்கான திறந்த தளங்கள் அழிக்கப்பட்டன. அம்முறை பணங்கூடக் கேட்கப்படவில்லை. 'மியாவ்' என்னும் பூனைக் குரல் மட்டுமே எஞ்சியிருந்தது. நுழைவுப் பிழை சில மணி நேர வேலையைக் கெடுக்கும். அதற்குச் செய்யும் தவறான சிகிச்சையோ பல ஆண்டு உழைப்பை ஓரிரவில் போக்கிவிடும்.

விசாரணையின் வரிசை

ஆகவே நுழைவு மறுப்பை ஆராய்வதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதல் வினா: இணைப்பு நடந்ததா? வலையமைப்பும் சான்றிதழும் சரியாக இராவிடில் கடவுச்சொல் கணுவையே சேர்ந்திராது. இரண்டாம் வினா: வந்தது மறுப்பா, விடையின்மையா? கணுவின் நிகழ்ச்சிக் குறிப்பில் பெரும்பான்மை கிட்டவில்லை என்றோ, காலங்கடந்தது என்றோ எழுதப்பட்டிருப்பின், கடவுச்சொல்லைத் தொடவே கூடாது. மூன்றாம் வினா: ஒருவருக்கா, அனைவருக்குமா? நான்காம் வினா: எல்லாக் கணுக்களிலுமா, ஒன்றில் மட்டுமா? ஒவ்வொரு கணுவிலும் தனித்தனியே நுழைந்து பார்ப்பதால், வெற்றேடு வைத்திருக்கும் கணு எதுவென்பது சில நிமிடங்களில் வெளிப்படும். ஐந்தாம் வினா: கடிகாரங்கள் ஒத்துள்ளனவா? ஆறாம் வினா: இதற்கு முன் கடைசியாக மாற்றப்பட்டது யாது? இவ்வாறும் காரணம் தோன்றாவிடின், ஏழாவதாகக் கடவுச்சொல்லைச் சந்தேகிக்கலாம். நடைமுறையில் ஏழாவது முதலாவதாகி விடுவதே வருந்தத்தக்கது.

ஆளை அறிதலும் அவருக்குரிய உரிமையை அறிதலும் வெவ்வேறு என்பதையும் பிரித்து நோக்கல் வேண்டும். உள்ளே வந்த பின் ஓர் அட்டவணையைப் படிக்க முடியவில்லை எனில், அது நுழைவுப் பிழை அன்று, உரிமைப் பிழை. கஸாண்ட்ராவில் உரிமைகள் 2,000 மில்லி வினாடி வரை நினைவில் வைத்துப் பயன்படுத்தப்படுவது இயல்பான அமைப்பு. ஆதலின் புதிதாக அளித்த உரிமை உடனே தோன்றாமல் சற்றுப் பொறுத்துத் தோன்றலாம். அதற்காக மீண்டும் மீண்டும் உரிமை அளிப்பது வீண்.

வருமுன் காத்தலே எல்லாவற்றினும் எளிது. அடையாள ஏட்டிற்கு ஒவ்வொரு தரவு மையத்திலும் குறைந்தது மூன்று படிகள். படியெண்ணிக்கையை மாற்றியவுடன் தவறாத சரிசெய்தல். தாமாக உண்டான தலைமைப் பெயரின் முடக்கம். அவசரக் காலத்திற்கென முத்திரையிட்டு வைத்த தனிக் கடவுச்சொல், அதனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் பதிவு. ஆண்டிற்கு ஒரு முறையேனும் கணு ஒன்றை வேண்டுமென்றே நிறுத்தி யார் யார் நுழைய முடிகிறது என்று பார்க்கும் ஒத்திகை. இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு தேவையில்லை.

மறைத்தலும் தெளிவுபடுத்தலும்

இங்கு ஓர் எதிர்வாதம் எழக்கூடும். மறுப்பின் காரணத்தை விளக்கிச் சொன்னால் திருடருக்கு உதவியாகும் அன்றோ? பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று கூறாமல், "பெயரோ கடவுச்சொல்லோ சரியில்லை" என்று பொதுப்படக் கூறுவது இக்காரணம் பற்றியே. இவ்வாதம் நியாயமானது. ஆனால் அது இரண்டு வகைத் தவறுகளுக்கு இடையே மட்டும் பொருந்தும். "சரிபார்க்க இயலவில்லை, சற்றுப் பின் முயலுக" என்று கூறுவதால் எந்தப் பெயரும் வெளிப்பட்டு விடுவதில்லை. வாயிலில் நிற்பவர்க்குச் சுருக்கமும், பழுதுபார்ப்பவருடைய குறிப்பேட்டில் முழு விவரமும் என்பதே தக்க நெறி.

இந்நெறியின் அவசியம் கணிப்பொறி அறையோடு நின்றுவிடுவதன்று. ஆதார் சரிபார்ப்பில் ஒவ்வொரு தோல்விக்கும் தனி எண் வகுக்கப்பட்டுள்ளது. விரல் ரேகை முதலிய உடற்குறி பொருந்தாமையை 300 என்னும் எண் காட்டும். 930 முதல் 939 வரையுள்ள எண்கள் சரிபார்க்கும் அமைப்பினுள் நேர்ந்த தொழில்நுட்பக் கோளாற்றைக் காட்டும். வகுத்தவர்கள் வேற்றுமையை நன்கு உணர்ந்தே வகுத்துள்ளனர். ஆனால் நியாய விலைக் கடையின் வரிசையில் நிற்கும் முதியவளுக்கு அவ்வெண்ணைப் படித்துப் பொருள் சொல்பவர் வேண்டும். 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், சரிபார்ப்புத் தோல்வியால் தகுதியுள்ளோர் எவரும் பயனை இழத்தல் ஆகாது என்னும் கருத்து இடம்பெற்றது. அமைப்பின் கோளாற்றை ஆளின் குற்றமாக மொழியும் ஒவ்வொரு முறையும் அக்கருத்து மீறப்படுகிறது.

பேரேடு எத்தனை படிகளாகப் பெருகினாலும், கணுக்கள் எத்தனை ஊர்களில் பரவினாலும், வாயிலில் வந்து நிற்பவர் ஒரு மனிதர். "உம்மை அறியேன்" என்று அவரிடம் கூறுமுன், தன் கையில் ஏடு இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுதல் காவலரின் கடமை. அக்கடமையை அமைப்பின் விதியிலேயே எழுதி வைப்பது, அதனை அமைப்போரின் பொறுப்பு.